சிசிலித் தீவில் கோயில் பார்ப்பது எப்படி: ஒரு சுதைக்காரன் சொல்வது

நோட்டோ ஊர்ப் பெரிய கோயிலுக்கு நேரெதிரே நகரசபைக் கட்டடம். அதன் முன்னால் வளைவு வளைவாகத் தாழ்வாரம் இருக்கிறது. இத்தாலியின் சிசிலித் தீவுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்கிற முதல் வேலை, அந்தத் தாழ்வாரத்து நிழலில் அரை மணி நேரம் நிற்பது. கோயில் படியில் அப்போதே கால் வைக்க வேண்டாம். எதிரே இருக்கிற கல்லை வெயில் என்ன செய்கிறது என்று மட்டும் பாருங்கள்.

நான் திசையன்விளைப் பக்கத்துக்காரன். முப்பத்தைந்து வருஷமாகச் சுதை வேலை, சுண்ணாம்புச் சாந்தில் உருவம் செய்கிறது. கெபி என்கிற மாதா குகை கட்டுவேன், சுரூபம் என்கிற சிலை செய்வேன், பீடத்துக்குப் பூ வேலை செய்து கொடுப்பேன். 1990-ல் தென்காசிக் கோபுர வேலை முடிகிற நேரத்தில் சாரத்தில் சாந்துச் சட்டி சுமந்த பையன்களில் நானும் உண்டு. மகள் சிசிலியில் உள்ள மெசினாவில் படிக்கிறாள். அவளைப் பார்க்க நானும் வீட்டம்மாவும் ஒரு ஏப்ரல் மாதம் போய்ப் பதினாறு நாள் இருந்தோம். வந்த நாளிலிருந்து, பிள்ளைகள் இத்தாலியில் இருக்கிற நம்ம பக்கத்து ஆட்கள் “என்ன பாக்கணும், எப்படிப் பாக்கணும்” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வாயால் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது, அதனால் எழுதுகிறேன். கோயில் என்று நான் எழுதுவதெல்லாம் தேவாலயத்தைத்தான். எங்கள் பக்கத்தில் மாதா கோயில், சவேரியார் கோயில் என்றுதான் சொல்வோம்.

போக நல்ல மாதம் ஏப்ரல், மே. விட்டால் செப்டம்பர் கடைசியும் அக்டோபரும். ஜூலை, ஆகஸ்டில் போக வேண்டாம். நாம் வெயிலுக்குப் பழகியவர்கள் என்பது உண்மைதான், ஆனால் நமக்கு அந்த மாதங்களில் மேல்காற்றாவது அடிக்கும். அங்கே கல் பாவிய தெரு சூட்டை வாங்கி முகத்தில் திருப்பி அடிக்கும். இன்னொரு காரணமும் உண்டு. உச்சி வெயில் செங்குத்தாக விழுந்தால் முகப்பு வேலை தட்டையாகிவிடும். சாய்ந்த வெயில் இருந்தால்தான் செதுக்கு வேலை எழுந்து நிற்கும்.

தீவு சின்னது என்று நினைத்துவிடாதீர்கள். சுமார் 25,700 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரே ஊரில் தங்கி எல்லாவற்றையும் பார்க்க முடியாது. தென்கிழக்குக்குச் சிரகூசாவில் ஐந்து நாள், பிறகு பலெர்மோவில் நாலு நாள். இது போதும். மெசினாவில் தங்கித் தினமும் போய்வர நினைத்தால் நாள் எல்லாம் ரயிலிலேயே போய்விடும். மெசினாவிலேயே பழைய கோயில் பார்க்கலாம் என்றால், 1908 டிசம்பர் 28-ல் வந்த நிலநடுக்கமும் கடலும் அந்த ஊரைத் தரைமட்டமாக்கிவிட்டன. அங்கே பெரிய கோயில் மணிக்கூண்டில் பகல் 12 மணிக்குச் சிங்கம் கர்ஜிக்கும், சேவல் கூவும், பொம்மைகள் நகரும். அதைப் பார்த்துவிட்டுத் தெற்கே கிளம்புங்கள். (இத்தாலியின் பெருநிலத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று: அங்கே ரயிலையே பிரித்துக் கப்பலில் ஏற்றி ஜலசந்தியைக் கடத்துகிறார்கள். முடிந்தால் அந்த வழியாகவே வாருங்கள்.)

தெரிந்துகொண்டு போக வேண்டிய ஒரே தேதி

புத்தகம் எதுவும் படிக்க நேரமில்லை என்றால், ஒரே ஒரு தேதியை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்: 1693 ஜனவரி 11. இரண்டு நாள் முன்னால் ஒரு அதிர்ச்சி வந்தது. வீட்டுக்குத் திரும்பியவர்களின் தலையில் பதினொன்றாம் தேதி எல்லாம் விழுந்தது. தென்கிழக்குச் சிசிலியில் சுமார் 60,000 பேர் செத்தார்கள். கத்தானியாவில் மூன்றில் இரண்டு பங்கு ஜனம் போயிற்று.

பிறகு அந்த ஊர்கள் எல்லாம் ஒரே காலத்தில் எழும்பின. ஸ்பானிய அரசுக்காகக் கமாஸ்த்ரா பிரபு அந்த வேலையைப் பார்த்தார். நோட்டோக்காரர்கள் பழைய மலையூரை விட்டு வேறு இடத்தில் நேர்நேராகத் தெரு போட்டுப் புது ஊர் கட்டினார்கள். ரகூசாவில் பாதிப்பேர் மேட்டில் புது ஊர் கட்ட, மீதிப்பேர் வர மாட்டோம் என்று இடிந்த இடத்திலேயே திரும்பக் கட்டிக்கொண்டார்கள். அதுதான் இப்போது இப்ளா என்று எல்லோரும் தேடிப் போகிற பகுதி. சுனாமிக்குப் பிறகும் கடலோரத்தை விட்டு வரமாட்டேன் என்று நின்ற நம் ஆட்களைப் பார்த்தவனுக்கு அந்தப் பிடிவாதம் புரியும்.

இப்படி எழும்பிய எட்டு ஊர்களை 2002-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது: நோட்டோ, ரகூசா, மோதிகா, ஷிக்ளி, கத்தானியா, கல்தஜிரோனே, மிலித்தெல்லோ, பலட்சோலோ அக்ரெய்தே. எட்டையும் பார்க்க ஓடாதீர்கள். நாங்கள் நாலு பார்த்தோம், அதிலேயே ஒன்று கூடிப்போயிற்று.

இந்த ஊர்களைத் திரும்பக் கட்டிய பாணிக்குப் பரோக் என்று பேர். அது என்ன என்று அகராதி பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. கொத்தன் கணக்கில் சொல்கிறேன். அது நூல் பிடித்துக் கட்ட முடியாத சுவர். தூக்குக்குண்டு விட்டால் நேராகத்தான் நிற்கும், ஆனால் தரையில் போட்ட கோடே வளைந்திருக்கும். நடுப்பகுதி வயிறு மாதிரி முன்னால் வரும், ஓரம் உள்ளே வாங்கும். அப்படி ஒரு சுவருக்கு ஒவ்வொரு வரிசைக் கல்லையும் தனித்தனி அச்சுப்பலகை வைத்து வெட்ட வேண்டும். அத்தனை பேர் செத்துப்போன ஊரில், மிஞ்சியவர்கள் இவ்வளவு சிரமமான சுவரை ஏன் எழுப்பினார்கள் என்ற கேள்வி அங்கே இருந்த நாளெல்லாம் என்னை விடவில்லை. நேர்ச்சுவரே போதுமே என்று யாரும் சொல்லவில்லை பாருங்கள்.

முகப்பைப் பார்ப்பது

நேர் எதிரே போய் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பினால் பாதிகூடப் பார்க்கவில்லை என்று அர்த்தம். பக்கவாட்டிலிருந்து நடந்து வாருங்கள்.

இப்ளாவில் உள்ள ஜார்ஜியார் கோயில் இதற்குச் சரியான பாடம். ரொசாரியோ கல்யார்தி என்ற கட்டடக் கலைஞர் போட்ட திட்டம், 1738 வாக்கில் வேலை ஆரம்பித்து 1775-ல் முகப்பு முடிந்தது. சதுக்கத்தின் மேல்கோடியில், சதுக்கத்துக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் திரும்பி நிற்கிறது. கீழேயிருந்து ஏறும்போது பின்னால் இருக்கிற குவிமாடம் தெரியும். கிட்டப் போகப் போக அது முகப்புக்குப் பின்னால் மறையும். கடைசியில் படிக்கட்டும் மூன்று நிலையும் மட்டும் தலைக்கு மேலே நிற்கும். ஒவ்வொரு நிலையும் கீழ் நிலையைவிட ஒடுங்கி, உச்சியில் மணி தொங்குகிறது. தனியாக மணிக்கூண்டு கிடையாது, முகப்பே மணிக்கூண்டு. “நம்ம கோபுரந்தானங்க இது” என்றாள் வீட்டம்மா. நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். படிக்கட்டுக்குக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள், உள்ளே போக இடது பக்கம் வழி.

பக்கவாட்டு நடை முடிந்ததும் நிழலைப் பாருங்கள். ஒரு தூண் சுவரை விட்டு எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்பது அதன் நிழல் அகலத்தில் தெரியும். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தால் செதுக்கு வேலை மறைந்து, கறுப்பு வெள்ளைப் பட்டைகள் மட்டும் நிற்கும். கட்டினவன் முதலில் யோசித்தது அந்தப் பட்டைகளைத்தான். பூவும் முகமும் அதற்கப்புறம் வந்தவை. எங்கள் வேலையிலும் சுரூபத்துக்குக் கண் எழுதுவது கடைசியில்தான். முதலில் தூரத்திலிருந்து மேடுபள்ளம் பார்த்துச் சாந்து வைப்போம்.

நோட்டோ கோயில் தெற்கே பார்த்தது. காலையில் வலப்பக்கமிருந்து வெயில் வரும், சாயங்காலம் இடப்பக்கமிருந்து. ஒரே நாளில் இரண்டு வேளையும் போனோம். காலையில் பனங்கற்கண்டு நிறத்தில் இருந்த கல், சாயங்காலம் ஐந்தரைக்குப் புதுக் கருப்பட்டி உடைத்த நிறத்துக்கு வந்திருந்தது. ஒரு நாளைக்கு இரண்டு கோயிலுக்கு மேல் பார்க்காதீர்கள், அந்த இரண்டில் ஒன்றை இரண்டு தடவை பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

அந்தக் கல் மெதுவான சுண்ணாம்புக்கல். வெட்டி எடுத்த புதிதில் உளிக்கு எளிதாக இடம் கொடுக்கும், காற்றுப் பட்டு மேற்பரப்பு இறுகும். அதனால்தான் நிக்கோலாச்சி மாளிகை மாடத்துக்குக் கீழே அப்படி ஒரு வேலை செய்ய முடிந்திருக்கிறது. கோயில் இல்லாவிட்டாலும் அந்தத் தெருவுக்குக் கட்டாயம் போங்கள். மாடத்தைத் தாங்குகிற கல் ஒவ்வொன்றும் ஒரு உருவம்: சிங்கம், சிறகு வைத்த குதிரை, கடற்கன்னி, வாய் பிளந்த முகம். கீழே நின்று நிமிர்ந்து பார்க்கும்போது குதிரையின் முன்கால் மடங்குகிற இடத்தில் நரம்பு தெரிந்தது. மழை ஒழுகுகிற பக்கம் மூக்கும் பிடரியும் கரைந்திருக்கிறது, ஒதுக்கான பக்கம் உளிக்கோடு அப்படியே இருக்கிறது. கம்பி வேலியும் நேராக இல்லை, கீழ்ப்பாகம் புடைத்து நிற்கிறது. அந்தக்காலத்துப் பெண்களின் அகலப் பாவாடைக்கு இடம் விட்டதாகச் சொல்கிறார்கள்.

போவதற்கு முன்னால் கண்ணைப் பழக்க ஆசைப்பட்டால் பாஸ்போர்ட் தேவையில்லை. திருநெல்வேலிப் பக்கத்துக் கிருஷ்ணாபுரம் பெருமாள் கோயிலுக்கு ஒரு காலைப்பொழுது போய், சிலைகள் தூணை விட்டு எப்படி வெளியே வந்து நிற்கின்றன என்று பக்கவாட்டில் பாருங்கள். பிறகு தூத்துக்குடி பனிமய மாதா கோயில், 1713-ல் மந்திரித்துத் திறந்தது. அதன் முகப்பில் சுண்ணாம்புப் பூச்சு எங்கே புடைக்கிறது, எங்கே உள்வாங்குகிறது என்று தடவிப் பார்க்கிற மாதிரி கண்ணை ஓட்டுங்கள். வருஷா வருஷம் ஆகஸ்ட் 5 திருவிழாவுக்குப் போகிறவர்கள்கூட அந்த முகப்பை நின்று பார்த்ததில்லை.

உள்ளே போனால்

பெரும்பாலான கோயில்களைப் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சாத்திவிட்டு மூன்றரை, நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சேலை கட்டினவர்களை யாரும் ஒன்றும் சொல்வதில்லை, மரியாதையாகவே பார்க்கிறார்கள். சில்லறை நாணயம் வைத்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் பீடத்துப் படத்துக்கு விளக்கு எரிய உண்டியல் மாதிரிப் பெட்டியில் காசு போட வேண்டும். வேறு யாராவது போடட்டும் என்று காத்திருக்காதீர்கள், நீங்களே போட்டு நிதானமாகப் பாருங்கள். ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி கொண்டுபோங்கள். மடியில் வைத்துக்கொண்டு விதான வேலையை அதில் பார்த்தால் கழுத்து வலிக்காது. சாரத்தில் மல்லாந்து வேலை பார்த்துக் கழுத்தைக் கெடுத்துக்கொண்டவன் சொல்கிறேன்.

பூசை நடக்கும்போது சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள், அது நியாயம். ஆனால் பூசைக்கே போய் உட்காரலாம். இந்தக் கோயில்களைப் பார்க்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. மெழுகுதிரி ஏற்றி, சாம்பிராணி போட்டு, ஜனம் பாடும்போது பீடத்துப் பொன் வேலையில் வெளிச்சம் நகரும். பகலில் வெறும் பளபளப்பாகத் தெரிந்தது அப்போது வேறாக இருக்கும். பாஷை புரியாவிட்டால் என்ன, எந்த இடத்தில் எழுந்திருப்பது, எங்கே முழங்கால் போடுவது என்பது நமக்குத் தெரியாதா.

தரை அமைப்பைப் பாருங்கள். நோட்டோவில் கிளாரம்மாள் கோயில் நீள்வட்டமாக இருக்கிறது, அதுவும் கல்யார்தி வேலைதான். எங்கே உட்கார்ந்தாலும் பீடம் பக்கத்தில் இருக்கிற மாதிரிப் படுகிறது, ஓரம் என்றே ஒன்று இல்லை. அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு வடக்கன்குளம் கோயில் ஞாபகம் வந்தது. 1872-ல் கட்டியது. இரண்டு கைகளாகப் பிரிந்து ஒரு பீடத்தில் சேர்கிற அமைப்பு. சாதிக்கு ஒரு கையாக உட்கார வைக்கவே அப்படிக் கட்டினார்கள், நடுவில் நின்ற சுவரை 1910-ல்தான் எடுத்தார்கள். தரையில் போடுகிற ஒரு கோடு யாரை யாரோடு உட்கார வைக்கும் என்பதை அந்த இரண்டு கோயிலையும் பார்த்தவன் மறக்க மாட்டான். கிளாரம்மாள் கோயிலிலும் எல்லோரும் ஒன்றாக இருந்துவிடவில்லை. அது மடத்துக் கோயில், வெளியுலகைத் துறந்த கன்னியர்களுடையது. மொட்டை மாடிக்கு ஏறச் சீட்டு உண்டு. ஏறினால் பெரிய கோயிலின் குவிமாடம் கைக்கு எட்டுகிற மாதிரித் தெரியும்.

அந்தக் குவிமாடத்தைப் பற்றி நம் ஊர்க் கோயில் கமிட்டிக்காரர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1996 மார்ச் 13 இரவு அது இடிந்து விழுந்தது. ஆள் யாரும் உள்ளே இல்லை. 1990 டிசம்பரில் வந்த நிலநடுக்கத்தில் விரிசல் கண்டிருந்தது. அதற்கு முன்பே, 1950-களில், பழைய மரக்கூரையை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போட்டிருந்தார்கள், பாரம் ஏறிப்போயிற்று. தூண்களின் வெளிக்கல் அழகாக இருந்தது, உள்ளே நிரப்பியிருந்த கல்லும் சாந்தும் வலுவில்லை. 2007-ல் திரும்பத் திறந்தார்கள், பழைய முறையில் கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டி. உள்ளே தூண்களைப் பார்த்துக்கொண்டு நான் ரொம்ப நேரம் நின்றேன். சுண்ணாம்புச் சுவர் மேல் சிமெண்ட் பூசச் சொன்னபோது நானும் பூசியிருக்கிறேன். ஐந்து வருஷத்தில் உள்ளே ஈரம் தங்கி, பூச்சு பாளம் பாளமாகக் கழன்றது. அந்தச் சுவரில் என் தாத்தா காலத்துப் பூ வேலை இருந்தது, பூச்சோடு அதுவும் போயிற்று. பழைய கோயிலைப் புதுப்பிக்கிறவர்கள் நோட்டோவுக்கு ஒரு தடவை போய் வரவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

சிரகூசா பெரிய கோயிலை விட்டுவிடாதீர்கள், ஆனால் சாயங்காலம் போங்கள், முகப்பு மேற்கே பார்த்தது. அந்திரேயா பால்மா 1728-ல் ஆரம்பித்த முகப்பு. வடபக்கச் சந்தில் போய்ச் சுவரைப் பார்த்தால், கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் 480 வருஷத்துக்கு முந்திய காலத்து அத்தேனா கோயில் தூண்கள் சுவருக்குள் அப்படியே நிற்கின்றன. தூணுக்கும் தூணுக்கும் நடுவே கல் வைத்து அடைத்துக் கோயிலாக்கியிருக்கிறார்கள். கிரேக்கர்களுக்குக் கிழக்கு வாசல், கிறிஸ்தவர்கள் மேற்கே திருப்பிக்கொண்டார்கள்.

கத்தானியா அரை நாள் போதும். கறுப்பு எரிமலைக்கல்லும் வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லும் சேர்ந்த ஊர். ஆகத்தம்மாள் கோயிலுக்கு முன்னால் வக்கரீனி அமைத்த நீரூற்றில் எரிமலைக்கல் யானை ஒன்று முதுகில் கல் தூணைச் சுமந்துகொண்டு நிற்கிறது. வீட்டம்மா அதைப் பார்த்ததும் நம்ம நெல்லையப்பர் கோயில் யானையைப் பற்றிப் பேச ஆரம்பித்து, விட்டபாடில்லை.

பஸ் விஷயத்தில் மட்டும் கவனம். ஞாயிற்றுக்கிழமை சிற்றூர்களுக்குப் பஸ் ரொம்பக் குறைவு, சில தடத்தில் கிடையவே கிடையாது. தெரியாமல் மோதிகாவுக்கு ஞாயிறு கிளம்பி, ஒட்டியிருந்த கால அட்டவணையை நம்பி மூன்று மணி நேரம் நிறுத்தத்தில் நின்றோம். அது பழைய அட்டவணை. கடைசியில் அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் காரில் ஏற்றிக்கொண்டு போய் ரயிலடியில் விட்டார், காசு வாங்கவில்லை. மோதிகாவை மறுநாள் பார்த்தோம். ஜார்ஜியார் கோயிலுக்குச் சுமார் 250 படி. முழங்கால் வலி உள்ளவர்கள் மேல் தெருவில் இறங்கி, கீழ்நோக்கி வரலாம். சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். பலெர்மோவில் கடலை மாவில் செய்து பொரித்து, ரொட்டிக்குள் வைத்துத் தருகிற பனெல்லே நம்ம நாக்குக்கு உடனே பிடித்துவிடும்.

சுதையைப் பார்ப்பது

இனி எழுதுவது எனக்காகவும்தான்.

பலெர்மோவில் ஜாகொமோ செர்பொத்தா என்று ஒரு சுதைக்காரர் இருந்தார். 1656-ல் பிறந்து 1732-ல் இறந்தார். அவர் வேலையைப் பார்க்கப் பெரிய கோயில்களுக்குப் போக வேண்டாம். சபையார் கூடி ஜெபிக்கிற சின்ன மண்டபங்கள், ஒராத்தோரியோ என்பார்கள். மூன்றுக்குப் போங்கள்: சாந்தா சிட்டா, சான் லொரென்சோ, சான் தொமேனிக்கோ ஜெபமாலை மண்டபம். நேரம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் சாந்தா சிட்டா.

உள்ளே போனதும் பீடத்தைப் பார்க்காமல் திரும்பி, நுழைந்த வாசல் சுவரைப் பாருங்கள். சுவர் முழுவதும் ஒரே துணி. மேலே சம்மனசுகள் (தேவதூதர்கள்) கொத்துக் கொத்தாக அந்தத் துணியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கின்றன, மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறது. எல்லாம் சுண்ணாம்பு. நிறமே கிடையாது, வெள்ளை மட்டும். துணியின் மேலும் பக்கச் சுவர்களிலும் சின்னச் சின்ன மேடைகளாகக் குடைந்து, விரல் நீள மனுஷர்களை வைத்து ஜெபமாலைத் தேவ இரகசியங்களை, அதாவது இயேசு, மாதா வாழ்க்கைச் சம்பவங்களை, செய்திருக்கிறார். வீட்டம்மா ஜெபமாலையை எடுத்து மணி உருட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தாள். “இது மங்கள வார்த்தை. அது கோயில்ல காணாமப் போன பிள்ளையைக் கண்டுபிடிச்சதுல்லா.” கையேடு வாங்காமலே எல்லாம் விளங்கிவிட்டது. துணியின் நடுவில் 1571 லெப்பாந்தோ கடற்சண்டை, கப்பல்களோடு. அந்த வெற்றிக்காகத்தான் அக்டோபர் 7 ஜெபமாலை மாதா திருநாளே வந்தது. அதற்குக் கீழே இரண்டு பையன்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சண்டையில் ஜெயித்த சந்தோஷம் அவர்கள் முகத்தில் இல்லை. நான் பார்த்த சுதையில் அந்த இரண்டு பையன்களுக்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன்.

எப்படிச் செய்தார் என்று தெரிந்தால் பார்க்கிற கண் மாறும். உள்ளே மரமும் கம்பியும் வைத்து உடம்பின் சாய்வைக் கட்டுவது, கந்தலும் கயிறும் சுற்றுவது, அதன் மேல் சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த சாந்தை ஏற்றுவது. இதுவரை எங்கள் வேலையும் அதே வேலைதான். கடைசிப் பூச்சில்தான் அவர் ஆள் தனி. நீர்த்த சுண்ணாம்போடு சலித்த பளிங்குத் தூளைக் கலந்து, மெல்லிசாக ஏற்றி, தேய்த்து மெருகேற்றியிருக்கிறார். அதனால் கன்னத்திலும் முழங்காலிலும் பளிங்கு மாதிரி ஒரு ஒளி நிற்கிறது. எங்களிடமும் அப்படி ஒரு மெருகு இருந்தது. தாத்தா சுண்ணாம்பை ஊறப்போட்டு அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் சேர்த்து, கடைசிப் பூச்சைக் கூழாங்கல்லால் நாள் முழுக்கத் தேய்ப்பார். முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பதும் உண்டு. செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் முகம் தெரிகிறதே, அதே குடும்பத்து வேலை.

பார்க்கும்போது நேரே நிற்காமல் சுவரோரமாக நின்று பாருங்கள். சம்மனசின் கை, கால் சுவரை விட்டு எவ்வளவு விலகி நிற்கிறது என்பது அப்போதுதான் தெரியும். சுதையில் அவ்வளவு தூரம் நீட்டினால் சாந்து காய்வதற்குள் தொங்கிவிடும். அவருக்குத் தொங்கவில்லை. விரல் உடைந்த இடம் எங்காவது கண்ணில் பட்டால் விடாதீர்கள், உள்ளே இருக்கிற கம்பி நிறையச் சொல்லும். மடிப்பின் அடிப்பக்கம், காதுக்குப் பின்னால், கக்கம் என்று யாரும் பார்க்காத இடங்களைப் பாருங்கள். அங்கேயும் தேய்த்திருக்கிறார். தொட மட்டும் கூடாது. எனக்குக் கை பரபரத்தது, முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

சான் லொரென்சோவில் பீடத்துக்கு மேலே இருப்பது கரவாஜ்ஜோ வரைந்த கிறிஸ்து பிறப்புப் படத்தின் நகல். மூலப்படத்தை 1969-ல் வெட்டி எடுத்துத் திருடிக்கொண்டு போனார்கள், இன்றுவரை கிடைக்கவில்லை. ஜெபமாலை மண்டபத்தில் ஒரு சுதைத் தூணில் பல்லி ஒன்று ஊர்ந்துகொண்டிருக்கும், பிள்ளைகளைக் கூட்டிப்போனால் தேடச் சொல்லுங்கள். சிசிலிப் பேச்சில் பல்லிக்கும் அவர் பேருக்கும் ஒலி ஒத்துப்போகிறதாம். அது அவர் வைத்த கையெழுத்து.

இதற்கு நேர் மாறானதைப் பார்க்க நினைத்தால் சேசுசபைக் கோயிலான காசா ப்ரொஃபெஸ்ஸாவுக்குப் போங்கள், பல நிறப் பளிங்கை வெட்டிப் பதித்து ஒரு சாண் இடம்கூட விடாமல் நிரப்பியிருக்கிறார்கள். 1943 குண்டுவீச்சில் இடிந்து, திருப்பிக் கட்டியது. எனக்கு அங்கே கண் களைத்துவிட்டது. வீட்டம்மாவுக்கு ரொம்பப் பிடித்தது.

மலைமேல்

பலெர்மோவில் கடைசி நாளைப் பெல்லெக்ரீனோ மலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 600 மீட்டர் உயரம். கொள்ளைநோய் வந்த 1624-ல் ரோசலியாம்மாளின் எலும்புகள் கிடைத்த குகை அங்கே இருக்கிறது. குகை வாசலில் கோயில் முகப்பு ஒன்று எழுப்பியிருக்கிறார்கள். முகப்பைத் தாண்டினால் சுவர் இல்லை, பாறைதான். நடந்து ஏறப் பழைய கல் பாதை உண்டு, பஸ்ஸும் போகும்.

அங்கே தமிழ் கேட்கும். பலெர்மோவில் இலங்கைத் தமிழர்கள் நிறையப்பேர். சைவர்களும் வேதக்காரர்களும் (கிறிஸ்தவர்கள்) சேர்ந்தே அந்த மலைக்கு வருகிறார்கள். நாங்கள் போன அன்று நெற்றியில் திருநீறு பூசிய ஒரு யாழ்ப்பாணத்து அம்மா, மகளோடு மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தார். நாங்கள் பேசுவதைக் கேட்டுத் திரும்பி, “நீங்கள் எந்த ஊர்?” என்றார். “திருநெல்வேலிப் பக்கம்மா” என்றாள் வீட்டம்மா. “நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில வாறனாங்கள். மேல பாருங்கோ, எல்லாரும் அதைப் பாக்காமப் போயிடுவினம்” என்று கையை உயர்த்திக் காட்டினார்.

பாறையிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடிக்கக் குகையின் கூரை முழுக்கத் தகட்டு ஓடைகள் போட்டிருக்கிறார்கள். பாறை எப்படி எப்படி வளைகிறதோ அப்படியெல்லாம் மடித்து, ஒன்றை ஒன்றில் சேர்த்து, ஓரத்துக்குக் கொண்டுவருகிறார்கள். ஒரு மடிப்பிலும் நேர்க்கோடு கிடையாது. தண்ணீர் கீழே போய் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு சின்னப் பாட்டிலும் கம்பளியும் கொண்டுபோங்கள், உள்ளே குளிரும். இறங்கக் கடைசிப் பஸ் எப்போது என்று ஏறும்போதே டிரைவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.